ஸ்பீடு போட்டில் ஒரு சுற்று: ஒரம்பரை அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு பவானியில், ஆற்றுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கோயமுத்தூர், திருப்பூர் ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், எல்லோருக்கும் என் நம்பர் ஞாபகம் வந்துவிடும். “ஏனுங்க மாமா, ஸ்பீடு போட்டுல போகோணும்னு பையன் ஒரே அடம்” என்று ஆரம்பிப்பார்கள். வருடா வருடம் அதே கேள்விகள். ஒரே தடவையாக எழுதி வைத்துவிட்டால் போனில் பேசுகிற நேரம் மிச்சம் என்றுதான் இது. எனக்குச் சொந்தமாகப் படகும் இல்லை, டிக்கெட் விற்கிற வேலையும் இல்லை. முப்பது வருடமாக ஒரம்பரையைக் கூட்டிக்கொண்டு படகுத்துறையில் நின்ற அனுபவம் மட்டும் உண்டு.

நம்ம பக்கம் ஆத்துல ஸ்பீடு போட் ஓடுதுங்களா?

ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றில் பத்து இருபது நிமிடம் சீறிவிட்டு இறங்குகிற சவாரி, வெளிநாட்டு வீடியோக்களில் பார்ப்பீர்களே, அது நம் பக்கம் கிடையாது. கோவைக்கும் திருப்பூருக்கும் நொய்யல்தான் ஆறு. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும்போது பளிங்காக இருக்கும் தண்ணீர் திருப்பூரைத் தாண்டும்போது என்ன நிறத்தில் இருந்தது என்று நம் தலைமுறைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை பெய்தால் சில நாள் புரண்டு ஓடும், அப்புறம் ஓடையாகிவிடும். கரூரில் அமராவதி வருடத்தில் பாதி நாள் மணல். பவானி ஆற்றில் தண்ணீர் உண்டு, கூடவே பாறையும் உண்டு. மிச்சம் இருப்பது காவிரி. அதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

வேகம்தான் முக்கியம் என்றால் மலை ஏற வேண்டும். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் பைக்காரா அணைத் தேக்கத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. அங்கே ஸ்பீடு போட் உண்டு. நீலகிரி எப்படிக் கொங்கு ஆகும் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஊட்டி ஏரியையே 1820களில் வெட்டவைத்தவர் அன்றைய கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன்தான். ஏற்காடு ஏரியிலும் கோவை வாலாங்குளத்திலும் இருப்பது நிதானமான சவாரி. காற்று வாங்கப் போகலாம், சீறுவதற்கு இல்லை.

காவிரியிலதான் தண்ணி கெடக்குதே, அங்க ஏன் விடலை?

நல்ல கேள்வி. பவானி, குமாரபாளையம், ஈரோடு, பள்ளிபாளையம் என்று இரண்டு கரையிலும் ஊர்கள். பாலத்தில் நின்று பார்த்தால் ஏரி மாதிரி தண்ணீர். ஆனால் மேட்டூருக்குக் கீழே காவிரி ஒரு மாடிப்படி. அணையிலிருந்து இறங்கும் தண்ணீரை மறுபடி மறுபடி தடுத்து மின்சாரம் எடுக்கிறார்கள். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்நிலையம். அதற்கும் கீழே பவானி கட்டளைக் கதவணைகள். பாலத்தில் நின்று நாம் ரசிப்பது ஒரு கதவணைக்கும் அடுத்த கதவணைக்கும் நடுவே கட்டிவைத்த தேக்கம்.

ஒவ்வொரு தேக்கமும் சில கிலோமீட்டர் நீளம்தான். அதில் வேகமாகப் போகிற படகை விடுவது சின்னச் சந்தில் கார் ஓட்டுவது போல, கியர் மாற்றுவதற்குள் திரும்பிவிட வேண்டியதுதான். அதுவும் மின்நிலையம் ஓடுவதையும் நிற்பதையும் பொறுத்துத் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும். காலையில் இரண்டடி முங்கியிருந்த பாறை மத்தியானம் அரையடிக்கு வந்து நிற்கும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. நிதானமாகப் போகிற படகு அதில் தட்டினால் ஒரு உரசல். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் தட்டினால் எஞ்சின் கழன்று கையில் வரும்.

போதாக்குறைக்கு மீன் வலைகள், படகு எஞ்சினின் விசிறியில் சுற்றிக்கொள்ளும் ஆகாயத்தாமரை, குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கும் கிணறுகள், படித்துறைக்குப் படித்துறை குளிக்கிற சனம். பவானியும் காவிரியும் சேருகிற கூடுதுறையில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவர் பக்கத்தில் ஒரு ஸ்பீடு போட் சீறினால் எப்படி இருக்கும்? எனக்கு இந்த ஆற்றில் அது வேண்டாம் என்றுதான் படுகிறது. பேரன்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்ப காவிரியில படகுல போகவே முடியாதுங்களா?

முடியும். பூலாம்பட்டிக்குப் போங்கள். அது சேலம் மாவட்டம், எடப்பாடி தாலுக்கா. எதிர்க்கரையில் நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். நடுவே நெரிஞ்சிப்பேட்டைக் கதவணையின் தேக்கம். இரண்டு கரைக்கும் இடையே விசைப்படகு ஓடுகிறது. தென்னை, தண்ணீர், மலை எல்லாம் ஒரே பார்வையில் கிடைப்பதால் ‘குட்டிக் கேரளா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. நம் ஊருக்கு நல்லதாக ஒன்று இருந்தால் அதற்கு ஏன் பக்கத்து மாநிலத்தின் பெயர்?

இந்தப் படகைச் சுற்றுலாவுக்கென்று விட்டதாக நினைத்துவிடாதீர்கள். இக்கரைக்காரருக்கு அக்கரையில் வேலை, அக்கரைக்காரருக்கு இக்கரையில் சந்தை, இதற்காக ஓடிய படகில்தான் பின்னால் நாமும் ஏறிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் காய்கறி மூட்டையோடு ஒருவர் அவசரமாக நின்றால் முதலில் அவரை ஏறவிடுங்கள்.

பவானியிலிருந்து போகிறவர்களுக்கு என் யோசனை: மேட்டூர் ரோட்டில் அம்மாபேட்டை வழியாக நெரிஞ்சிப்பேட்டைக்கே போய்விடுங்கள். அங்கிருந்து ஏறி பூலாம்பட்டியில் இறங்கி, சாப்பிட்டுவிட்டுத் திரும்ப இந்தக் கரைக்கு வந்தால் ஒரே பயணத்தில் இரண்டு சவாரி. திரும்பும்போது பொழுதிறங்குகிற நேரமாக வைத்துக்கொண்டால் எதிரே பாலமலை கருநீலமாக நிற்கும். டீசல் எஞ்சின் டபடபவென்று அடித்தாலும் அந்த ஐந்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள்.

எந்த மாசம் வந்தா நல்லது?

மேட்டூர் அணையின் நிலவரம் தெரியாமல் கிளம்பாதீர்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது மரபு. இருப்பைப் பொறுத்து தேதி முன்னே பின்னே ஆகும். கர்நாடகத்தில் மழை கொட்டி, இங்கே அணை நிரம்பி, 16 கண் மதகு வழியாக உபரி நீர் வந்தால் அன்றைக்குப் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்று செய்தியில் சொன்னால், ஒவ்வொரு விநாடியும் 28 லட்சம் லிட்டர் உங்கள் முன்னால் போகிறது என்று பொருள். அதில் படகு விடச் சொல்லி வாக்குவாதம் செய்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். “நாங்க கோயமுத்தூர்ல இருந்து வந்திருக்கிறோம்” என்பார்கள். ஆற்றுக்கு அது தெரியாது.

ஆடிப்பெருக்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்கு ஆற்றைக் கும்பிட வாருங்கள், முளைப்பாலிகை விடுங்கள், சித்ரான்னம் கட்டிக்கொண்டு வாருங்கள். படகை நம்பி வராதீர்கள். தண்ணீர் அதிகமாக வருவதும் கூட்டம் கூடுவதும் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வரும் காற்றுக்கு அம்மியே பறக்கும் என்பது பழமொழி. அகலமான தேக்கத்தில் அந்தக் காற்று சின்னச் சின்ன அலையை எழுப்பிவிடும். மெதுவாகப் போகிற படகில் அது தாலாட்டு. ஸ்பீடு போட்டிலோ ஒவ்வொரு அலையும் ஒரு வேகத்தடை. எந்த மாதமானாலும் காலை பத்து மணிக்குள் போனால் தண்ணீர் அடங்கியிருக்கும்.

ஸ்பீடு போட்டுக்கும் மோட்டார் போட்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் எஞ்சின்தானே?

சாதாரண மோட்டார் போட் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். எவ்வளவு பெரிய எஞ்சின் போட்டாலும் ஓரளவுக்கு மேல் வேகம் ஏறாது. தன் முன்னால் தானே எழுப்புகிற அலையின் மேல் ஏற முடியாமல் தவிக்கும். ஸ்பீடு போட்டின் அடிப்பாகம் வேறு மாதிரி. எடை குறைவு, அடி அகலம், பின்னால் தொங்குகிற எஞ்சினுக்குப் பலம் அதிகம். முடுக்கியதும் மூக்கு மேலே தூக்கும், இரண்டு மூன்று விநாடி வானம் மட்டும்தான் தெரியும், அப்புறம் மூக்கு இறங்கிப் படகு தண்ணீரின் மேலேயே வழுக்க ஆரம்பிக்கும். சின்ன வயதில் ஓட்டாஞ்சில்லை ஆற்றின் மேல் தத்தவிட்டோமே, கிட்டத்தட்ட அதே விஷயம். சில்லு நாமாக இருக்கிறோம், அவ்வளவுதான்.

மூக்கு தூக்கும்போதுதான் பெண்டுபிள்ளைகள் அலறுவது. ஆண்களும் அலறுவார்கள், இறங்கியபின் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எவ்வளவு வேகத்துல போகும்?

படகுக்காரர்கள் நாட் கணக்கில் சொன்னால், ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 20 நாட் என்றால் 37 கிலோமீட்டர். “இவ்வளவுதானா, நான் பெருந்துறை ரோட்டில் டிவிஎஸ் எக்ஸெல்லிலேயே போவேனே” என்று என் மைத்துனர் சிரித்தார். ஏறிய பிறகு சிரிக்கவில்லை. கண்ணுக்கு ஓரடி கீழே தண்ணீர் ஓடுகிறது, முன்னால் மறைப்பு இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பிதான். நாற்பது எண்பது மாதிரி தெரியும்.

ஆழம் இல்லாத ஆத்துல ஓடற போட்டே கெடையாதுங்களா?

உண்டு. நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் என்பவர், ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர், 1950களில் ஜெட் போட்டை உருவாக்கினார். அவர் ஊர் ஆறுகளும் நம்முடையவை போலக் கூழாங்கல்லும் ஆழமில்லாத தண்ணீருமாக இருந்ததுதான் காரணம். அடியில் சுழலும் விசிறி வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சும். முழங்கால் அளவுக்கும் குறைந்த தண்ணீரில் ஓடும். 1960-இல் அப்படிப்பட்ட படகுகளில் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக எதிர்நீச்சல் போட்டு மேலே போனார்கள். இன்றைக்கும் நியூசிலாந்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பாறைக்கு ஒரு சாண் தள்ளி வளைத்து ஓட்டுகிறார்கள்.

பவானி ஆற்றில் அது ஓடுமா என்றால், ஓடும். கொடிவேரி அணையில் குளிக்கிற கூட்டத்தை எங்கே அனுப்புவது என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.

பத்து நிமிஷத்துக்கு இத்தனை காசான்னு கேட்கலாமுங்களா?

கேட்கலாம், ஏறுவதற்கு முன்னால். தலைக்கு இவ்வளவா, படகுக்கு இவ்வளவா? நிமிடக் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது, துறையை விட்டு நகர்ந்ததிலிருந்தா, லைஃப் ஜாக்கெட் மாட்டியதிலிருந்தா? இந்த இரண்டையும் கேட்டுவிட்டால் முக்கால்வாசித் தகராறு இல்லை. ஒரு மலை ஏரியில் பத்து நிமிடம் என்று டிக்கெட் வாங்கினோம். என் தங்கை மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆறு நிமிடம் நாற்பது விநாடியில் துறையில் இருந்தோம். கேட்டதற்கு “வேகமா போனதால சீக்கிரம் வந்துட்டோம்” என்றார் ஓட்டியவர். அந்தப் பதிலுக்காகவே காசு போனால் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

விலை அதிகம் என்று தோன்றுவதற்கு எஞ்சினும் ஒரு காரணம். முழு முடுக்கில் அது பெட்ரோல் குடிக்கிற வேகத்தைப் பார்த்தால் நம் காரெல்லாம் விரதம் இருக்கிறது என்பீர்கள்.

எங்க உக்காந்தா நல்லது?

முன்பக்கம் எல்லோருக்கும் ஆசை. ஆனால் குதிப்பு அதிகம் அங்கேதான். ஒவ்வொரு அலைக்கும் மூக்கு தூக்கி அடிக்கும், அந்த அடி இருக்கை வழியாக நேரே முதுகுத்தண்டில் இறங்கும். வயதானவர்கள், முதல் தடவை ஏறுகிறவர்கள் பின்பக்கம் உட்காருங்கள். பெட்ரோல் வாசமும் சாரலும் கொஞ்சம் வரும், பரவாயில்லை. எங்கே உட்கார்ந்தாலும் கூன் போடாமல், பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றி, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அலை வரும்போது பிட்டத்தை ஒரு விரல்கடை தூக்கிக் கொடுத்தால் அடி காலில் போய்விடும். மண் ரோட்டில் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் போனவர்களுக்கு இதை நான் கற்றுத்தர வேண்டியதில்லை.

இடுப்பு வலி, கர்ப்பிணி, கைக்குழந்தை?

மூன்றுக்கும் ஸ்பீடு போட் வேண்டாம். முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள், எலும்பு தேய்மானம் உள்ளவர்கள், இதயநோய் உள்ளவர்கள் அதே வரிசை. அமுச்சியை, அதாவது பாட்டியை, கரையில் தனியாக உட்காரவைத்துவிட்டு எல்லோரும் போகாதீர்கள், ஒருவர் கூட இருங்கள். பூலாம்பட்டி மாதிரி நிதானமான படகில் அவரையும் ஏற்றலாம். படி இறங்கும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

எனக்கு நீச்சல் தெரியாதுங்க. ஏறலாமுங்களா?

ஏறலாம். நீச்சல் தெரிந்தவர்கள்தான் ஜாக்கெட் போட மாட்டேன் என்று வம்பு செய்வார்கள், அவர்களுக்காகத்தான் நான் பயப்படுவேன். கிணற்றில் குதித்துப் பழகிய நீச்சல் வேறு. ஓடுகிற ஆற்றில், உடுத்திய துணியோடு, எதிர்பாராமல் விழுந்து நீந்துவது வேறு. வாயைப் பிளந்தபடி விழுந்தவனுக்கு முதல் மூச்சே தண்ணீர்தான்.

அந்த ஜாக்கெட் நாறுதுங்க. சும்மா தோள்ல போட்டுக்கிட்டா போதாதா?

போதாது. நாற்றம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆயிரம் பேர் வேர்வை. உள்ளே ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொக்கி எல்லாவற்றையும் மாட்டிய பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் தாடையைத் தாண்டிக் காது வரை வந்தால் அது உங்கள் அளவு இல்லை. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், நீங்கள் கீழே நழுவுவீர்கள். குழந்தைகளுக்குக் குழந்தை அளவு கேளுங்கள். இல்லை என்றால் அந்தக் குழந்தை ஏற வேண்டாம். அழுதால் அழட்டும், வெளியே வந்து ஐஸ் வாங்கிக் கொடுங்கள்.

நான் இதில் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்ததைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வடோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும். அது ஊருக்குள் இருக்கிற ஏரி, நடுக்கடல் கிடையாது. பல பிள்ளைகளின் உடம்பில் ஜாக்கெட்டே இல்லை.

அதனால் ஜாக்கெட்டோடு இன்னொன்றையும் பாருங்கள்: படகில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதா, அதற்கு மேல் ஏற்றுகிறார்களா? ‘இன்னும் ரெண்டு பேர் நெருக்கி உக்காருங்க’ என்ற குரல் கேட்டால் இறங்கிவிடுங்கள். பஸ்ஸில் செய்கிற நெருக்கடி படகில் ஆகாது. போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்திருப்பதும் ஆகாது.

ஓட்டறவர்கிட்ட என்ன கேட்கோணும்?

நேர்காணல் எடுக்க வேண்டாம், கண்ணால் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அவர் இடுப்பிலோ கையிலோ சுருள் கயிறு ஒன்று மாட்டி, அதன் மறுமுனை எஞ்சின் சாவிப் பக்கம் போகிறதா? அதுதான் கில் சுவிட்ச் கயிறு. ஓட்டுகிறவர் நிலைதடுமாறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். அது இல்லாமல் போனால், ஓட்ட ஆளில்லாத படகு வட்டம் போட்டுத் திரும்ப விழுந்தவர் மேலேயே வரும். கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் “அண்ணா, அதை மாட்டிக்கோங்க” என்று சொல்லத் தயங்காதீர்கள்.

எஞ்சின் வைத்த உள்நாட்டுப் படகுகளுக்குப் பதிவும் ஆய்வுச் சான்றும் வேண்டும் என்று 2021-இல் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் இருந்தது 1917-ஆம் வருடத்துச் சட்டம். கேட்டால் காட்டுவதில் தப்பில்லை. ஓட்டுகிறவர் மேல் சாராய வாசம் அடித்தால் இதில் எதையும் பார்க்க வேண்டாம், டிக்கெட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு வாருங்கள்.

போன், கண்ணாடி, சேலை, செருப்பு?

போனைக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், அல்லது கரையில் இருப்பவரிடம் கொடுங்கள். கையை நீட்டி செல்ஃபி எடுத்த என் அண்ணன் மகனின் போன் இப்போதும் ஏதோ ஒரு தேக்கத்தின் அடியில் மீன்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நூல் கட்டுங்கள். சேலைக்காரர்கள் முந்தானையை இழுத்துச் செருகி அதன் மேல் ஜாக்கெட் போடுங்கள். துப்பட்டாவைக் கழட்டிப் பையில் வையுங்கள், பின்னால் எஞ்சின் சுற்றுகிறது. தொப்பி பறக்கும். செருப்பு காலோடு இருக்கட்டும், ஈரப்பலகை வழுக்கும்.

சாப்பிட்டுட்டு ஏறலாமா?

வேண்டாம். இட்லி இரண்டோடு நிறுத்துங்கள்.

நாங்க போட்டுல போனா மீன்காரங்க திட்டறாங்க, ஏன்?

அவர்கள் பரிசலில் இருக்கிறார்கள். மூங்கில் கூடைக்குத் தார் பூசியது போன்ற வட்ட ஓடம், ஒற்றைத் துடுப்பு. ஓரம் தண்ணீருக்கு அரை முழம் மேலே இருந்தால் அதிகம். நீங்கள் கையசைத்துவிட்டு வேகமாகப் போய்விடுவீர்கள். உங்கள் படகு எழுப்பிய அலை பின்னாலேயே வந்து அவர் பரிசலைத் தட்டாமாலை சுற்றவிடும், உள்ளே தண்ணீர் கொட்டும். விடிய விடியப் போட்ட வலையை உங்கள் விசிறி அறுத்துக்கொண்டு போனால் அன்றைய கூலி போயிற்று. அலை கரைக்கும் போகும். துணி துவைக்கிறவர்கள் வைத்த சோப்பு டப்பாவைக்கூட இழுத்துக்கொண்டு போய்விடும். பரிசலைக் கண்டால் மெதுவாகப் போகச் சொல்லி ஓட்டுகிறவரிடம் நீங்களே சொல்லலாம். காசு கொடுத்தவர் சொன்னால் கேட்பார்.

முதலை இருக்குங்களா?

அமராவதி அணையில் உண்டு, பக்கத்திலேயே முதலைப் பண்ணையும் இருக்கிறது. மோயாற்றிலும் உண்டு. படகில் உட்கார்ந்திருக்கிற வரை அவற்றுக்கு நம் மேல் அக்கறை இல்லை. கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டு போகிற பழக்கத்தை மட்டும் அந்தப் பக்கம் விட்டுவிடுங்கள்.

பையன் லண்டன்ல இருக்கறான். தேம்ஸ் ஆத்துல ஸ்பீடு போட்டுல கூட்டிட்டுப் போறேங்கறான். எனக்கு அறுபத்திநாலு. போலாமுங்களா?

முதுகும் இதயமும் நன்றாக இருந்தால் தாராளமாகப் போங்கள். இந்த வருடம் இந்தக் கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. கொங்கு நாட்டுப் பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டார்கள்.

அங்கே ஓட்டுவது பெரும்பாலும் ஓரத்தில் காற்றடைத்த குழாய் வைத்த படகு. பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். லண்டன் ஐ ராட்டினம் பக்கத்துத் துறையில் ஏறினால், ஊர் நடுவே வேகக் கட்டுப்பாடு இருப்பதால் முதலில் மெதுவாகத்தான் போகும். பாராளுமன்றம், பாலங்கள் எல்லாம் அப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். 1894-இல் திறந்த டவர் பிரிட்ஜைத் தாண்டிக் கிழக்கே போனபின்தான் முடுக்குவார்கள். ‘என்ன இது, பூலாம்பட்டிப் படகு மாதிரி ஊர்கிறது’ என்று பாதியில் சலித்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஆற்றுக்கும் அந்த ஆற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். காவிரியின் மட்டத்தைக் கதவணை தீர்மானிக்கிறது, தேம்ஸின் மட்டத்தைக் கடல் தீர்மானிக்கிறது. ஒரே நாளில் இரண்டு முறை ஓதம் ஏறி இறங்கி, லண்டனில் ஏழு மீட்டர் வரை வித்தியாசம் வரும். காலையில் சமதளமாக இருந்த துறைப்பாலம் மத்தியானம் சறுக்குமரம் மாதிரி சாய்ந்திருக்கும். கம்பியைப் பிடித்து இறங்குங்கள்.

ஜூன் மாதமானாலும் ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் அவர்கள் கொடுக்கும் மழைக்கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். காதுக்கு மஃப்ளர். அத்தனை குளிரில் வேகமாகப் போகும்போது வேட்டி சரிப்படாது, நான் சொல்கிறேன், பேண்ட் போடுங்கள்.

தப்பித்தவறி விழுந்துட்டா?

கை காலை உதறாதீர்கள். ஜாக்கெட் தூக்கிவிடும், மல்லாக்கத் திரும்புங்கள். ஓடுகிற தண்ணீராக இருந்தால் காலை ஓட்டத்தின் பக்கம் நீட்டிக்கொள்ளுங்கள், பாறை வந்தால் தலைக்குப் பதில் கால் தட்டும். படகு திரும்பி வரும்போது அதன் பின்பக்கம் நீந்திப் போகாதீர்கள். எஞ்சின் நிற்கிற சத்தம் கேட்ட பிறகு பக்கவாட்டில் ஏற்றுவார்கள். அவசரப்பட்டு எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து கை கொடுக்க வேண்டாம் என்று படகில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

சவாரி முடிஞ்சு பசிக்குமே, மீன் எங்க நல்லாருக்கும்?

இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்பார்கள், ஆனால் பாதிப் பேர் கிளம்புவதே இதற்காகத்தான். மேட்டூரில் அணைப் பூங்காவுக்கு வெளியே வரிசையாகக் கடைகள். பூலாம்பட்டித் துறைப் பக்கமும் கிடைக்கும். கட்லாவும் ரோகுவும் பெரிய துண்டாக இருக்கும், பார்க்க அழகு. ஜிலேபிக் கெண்டையை முழுசாகக் கீறி மசாலா தடவிப் பொரித்தால் அதற்கு ஈடு இல்லை, முள்ளைப் பார்த்துச் சாப்பிடத் தெரிய வேண்டும். எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள், கறுத்திருந்தால் அடுத்த கடை. வாங்கும்போது ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு “இது இன்னைக்குப் புடிச்சதுங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரம்மா எல்லோருக்கும் ஆமாம் என்றுதான் சொல்வார், ஆனால் சொல்கிற விதத்தில் தெரிந்துவிடும்.